வேகத்தைப் படமாக்குதல்: கார் துரத்தல் காட்சி எடுக்கப் புதிதாக வருவோருக்கான வழிகாட்டி

கார் துரத்தல் காட்சியை முதன்முறையாகப் படமாக்க வருவோர் பெரும்பாலும், வண்டியை எவ்வளவு வேகமாக ஓட்டுவது என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். அனுபவமுள்ள ஒளிப்பதிவாளர்கள் அந்தக் கேள்விக்குக் கடைசியாகத்தான் வருவார்கள். கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது, லென்ஸுக்கு அருகில் என்னென்ன பொருள்கள் கடந்து போகின்றன, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, காதில் என்ன விழுகிறது என்பவற்றைத் தீர்மானித்துவிட்டால், மணிக்கு 40 அல்லது 50 கிலோமீட்டர் வேகமே பல ஷாட்டுகளுக்குப் போதும் என்பது அவர்களுக்குத் தெரியும். சிறிய குழுவும் ஒன்றிரண்டு கேமராக்களும் மட்டுமே கைவசம் உள்ளவர்களை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்பட்டிருக்கிறது. கார்களை மோதவிடுவது, கவிழ்ப்பது, பறக்கவிடுவது ஆகியவை முறையாகப் பயிற்சி பெற்ற ஸ்டன்ட் குழுவின் வேலை என்பதால் அவற்றை இங்கே தொடவில்லை.

பிரெஞ்சு இயக்குநர் க்ளோத் லெலூஷ் 1976ஆம் ஆண்டில், விடியற்காலைப் பாரிஸ் நகரத் தெருக்களை ஒரு கார் கடந்து செல்வதை ஒரே ஷாட்டில் காட்டும் குறும்படம் ஒன்றை எடுத்தார். அது ஒன்பது நிமிடம்கூட ஓடாது. கேமரா வண்டியின் முன்பக்க பம்பரையொட்டிப் பொருத்தப்பட்டிருந்ததால், தரை பார்ப்பவரின் முகத்துக்குக் கீழேயே பாய்ந்து வருகிறது. குறுகிய சந்துகளின் சுவர்கள் இருபுறமும் உரசிச் செல்வதுபோலத் தோன்றுகின்றன. படத்தில் கேட்பது ஃபெராரி 275 ஜிடிபி காரின் உறுமல். கேமராவைச் சுமந்து ஓடியதோ ஒரு மெர்சிடிஸ் செடான். ஃபெராரியின் ஓசை பிறகு தனியாகப் பதிவுசெய்து சேர்க்கப்பட்டது. தாழ்ந்த கேமரா, நெருங்கிய சுவர்கள், பின்னர் சேர்த்த ஒலி என்ற மூன்றையும் புதியவர்கள் அந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொள்ளக் கூடாதது ஒன்றும் அதில் உண்டு. அந்த ஓட்டம் மூடப்படாத தெருக்களில், சிவப்பு விளக்குகளை மீறி நடந்தது. வில்லியம் ஃபிரீட்கின் 1971இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், உயர்மட்ட ரயில் பாதைக்குக் கீழே எடுத்த புகழ்பெற்ற துரத்தலிலும் படக்குழுவுக்குத் தொடர்பில்லாத ஒருவருடைய கார் மோதலில் சிக்கியது. பிற்காலத்தில் அவரே அப்படி மீண்டும் எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். இவற்றைத் துணிச்சல் என்று கொண்டாடுவது வழக்கமாகிவிட்டது. குறுக்கே வந்தவர்கள் அந்த ஆட்டத்துக்கு ஒப்புக்கொண்டவர்கள் அல்லர் என்பதால், என்னால் அதை அப்படிப் பார்க்க முடியவில்லை.

முதல் படி: இடம்

பொதுமக்கள் நுழைய முடியாத இடமே முதல் தேவை. பயன்பாட்டில் இல்லாத விமான ஓடுபாதை, பந்தயத் தடம், உரிமையாளரின் எழுத்துபூர்வமான அனுமதியுடன் கிடைக்கும் தொழிற்கூட வளாகம் ஆகியவை பொருத்தமானவை. பொதுச் சாலைதான் வேண்டும் என்றால், காவல்துறையும் சாலையை நிர்வகிக்கும் அமைப்பும் அதை முறைப்படி மூடித் தர வேண்டும். அதிகாலையில் யாரும் வரமாட்டார்கள் என்பது அனுமதி ஆகாது. படப்பிடிப்புக் காப்பீட்டில் வாகன ஓட்டம் அடங்குகிறதா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும், ஏனெனில் சாதாரண வாகனக் காப்பீடு பொதுவாக இத்தகைய ஓட்டத்துக்குப் பொருந்தாது.

இடத்தை முதலில் நடந்து பார்க்க வேண்டும். காரில் அமர்ந்து பார்த்தால் கண்ணுக்குத் தப்பிவிடும் சரளைக்கல், எண்ணெய்க் கறை, சாக்கடை மூடி, தார் பெயர்ந்த விளிம்பு எல்லாம் நடக்கும்போது காலில் தட்டுப்படும். அடுத்து, நிற்பதற்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்று கணக்கிட வேண்டும். ஓட்டுநர் சுதாரித்துப் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகிறது என்று கொண்டால், உலர்ந்த தார்ச்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் கார் நிற்க ஏறத்தாழ 37 மீட்டர் வேண்டும். 120 கிலோமீட்டரில் அது 110 மீட்டரைத் தாண்டிவிடும். வேகம் இரட்டிப்பானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதே இதற்குக் காரணம். ஷாட் முடியும் இடத்துக்கு அப்பால் இந்தத் தூரத்தைப்போல இரு மடங்காவது வெறுமையாக இருக்க வேண்டும் என்பது நல்ல வரம்பு.

இங்கே ஒரு முரண் எழும். பாதுகாப்பான இடம் அகலமாகவும் காலியாகவும் இருக்கும். அகலமான காலி இடத்தில் வேகம் செத்துப்போகும். ஓடுபாதையில் 100 கிலோமீட்டரில் செல்லும் கார், தொலைவில் இருந்து பார்த்தால் ஊர்வதுபோலத்தான் தெரியும். பக்கவாட்டில் உள்ள பொருள் நம்மைக் கடந்து செல்லும் கோண வேகம், அது எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2 மீட்டர் தள்ளி நிற்கும் கம்பம், 20 மீட்டர் தள்ளி நிற்கும் மரத்தைவிடப் பத்து மடங்கு விரைவாகக் கண்ணைக் கடக்கிறது. ஆகவே, நெருக்கத்தை நாமே உண்டாக்க வேண்டும். கேமராவுக்கு அரை மீட்டர் முன்னால் இரண்டு மரக்கிளைகளையோ கம்பிவேலித் துண்டையோ நிறுத்தி, அவற்றின் ஊடாகத் தொலைவில் செல்லும் காரைத் தொடர்ந்து பேன் செய்தால் (கேமராவை நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் திருப்பினால்), கிளைகள் திரையைக் கீறிக்கொண்டு ஓடும். காருக்கும் அந்தக் கிளைகளுக்கும் இடையே 30 மீட்டர் இடைவெளி இருப்பது பார்ப்பவருக்குத் தெரியாது. வண்டியிலேயே கேமரா இருக்கும் ஷாட்டுகளுக்கு, தட்டினாலும் சேதம் விளைவிக்காத பிளாஸ்டிக் கூம்புகளையும் காலி அட்டைப்பெட்டிகளையும் பாதையோரம் வரிசையாக வைக்கலாம்.

இரண்டாம் படி: ஆட்கள்

காரை ஓட்டுபவர் அதற்கெனப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். நண்பர்களில் யார் நன்றாக ஓட்டுவார் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது தவறு. படப்பிடிப்பில் வண்டி நகர்வதற்கு உத்தரவு தரும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும், அவர் இயக்குநராகவோ ஒளிப்பதிவாளராகவோ இல்லாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் அவர்கள் இருவரும் ஷாட்டின் மேல் ஆசை வைத்திருப்பார்கள். நிறுத்தச் சொல்லும் உரிமையோ குழுவில் உள்ள எல்லோருக்கும் உண்டு. வாக்கிடாக்கியில் "நிறுத்து" என்ற சொல் வேறு எந்தப் பேச்சிலும் வரக் கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

கார் வரும் கோட்டுக்கு நேரெதிரில் யாரும் நிற்கக் கூடாது. வளைவின் வெளிப்புறத்திலும் கூடாது, பிடி தளரும் வண்டி அந்தப் பக்கம்தான் போகும். கார் லென்ஸை நோக்கிப் பாய்வது போன்ற ஷாட் வேண்டுமென்றால் கேமராவை மட்டும் மணல் மூட்டைகளுக்கு இடையில் வைத்துப் பதிவை ஓடவிட்டு, ஆட்கள் விலகிவிட வேண்டும், அல்லது நீண்ட லென்ஸுடன் தொலைவில், பக்கவாட்டில் நிற்க வேண்டும். தீயணைப்பான், முதலுதவி தெரிந்த ஒருவர், மருத்துவமனைக்குச் செல்லத் தயாராக நிற்கும் தனி வண்டி ஆகிய மூன்றும் இல்லாமல் முதல் ஒத்திகைகூட வேண்டாம்.

மூன்றாம் படி: தாளில் ஓட்டுதல்

பாதையின் வரைபடத்தைப் பெரிய தாளில் வரைந்து, பொம்மைக் கார்களை அதன்மேல் நகர்த்தி, ஓட்டுநர்களும் கேமராக்காரர்களும் ஒரே மேசையைச் சுற்றி நின்று பேசுவது பெரிய படக்குழுக்களும் கைவிடாத பழக்கம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேமரா எங்கே, எந்தத் திசை, வண்டி எங்கே தொடங்கி எங்கே நிற்கும், வேகம் எவ்வளவு என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். திரையில் இரு கார்களும் இடமிருந்து வலமாக ஓடுகின்றன என்று தொடங்கினால், அவை ஓடும் கோட்டின் ஒரே பக்கத்தில் நின்றே எல்லா ஷாட்டுகளையும் எடுக்க வேண்டும். மறுபக்கம் தாண்டினால் துரத்துபவர் திரும்பி வருவதுபோல ஆகிவிடும். திசையை மாற்ற விரும்பினால், கார் நேராகக் கேமராவை நோக்கி வரும் ஷாட்டையோ, கார் திரும்புவதே தெரியும் ஷாட்டையோ நடுவில் வைக்கலாம்.

நான்காம் படி: லென்ஸும் ஷட்டரும்

அகன்ற கோண லென்ஸ் அருகில் உள்ளவற்றைப் பெரிதாக்கித் தொலைவில் உள்ளவற்றைச் சிறிதாக்கும். அதனால், கேமராவை நோக்கி வரும் கார் சிறு புள்ளியாகத் தொடங்கி ஓரிரு நொடிகளில் திரையை நிறைக்கும். நீண்ட லென்ஸ் ஆழத்தைச் சுருக்குவதால், எதிரே வரும் கார் ஓடியும் ஓடாததுபோல நிற்கும். ஆனால் அதே நீண்ட லென்ஸால் பக்கவாட்டில் பேன் செய்தால், குறுகிய கோணத்துக்குள் பின்னணி முழுவதும் வழிந்தோடும். ஆகவே நேரெதிர் ஓட்டத்துக்கு அகன்ற லென்ஸ், குறுக்கு ஓட்டத்துக்கு நீண்ட லென்ஸ் என்று தொடங்கலாம். மூச்சுத் திணறும் போக்குவரத்து நெரிசலையோ இரண்டு கார்கள் ஒன்றையொன்று நெருங்குவதையோ காட்ட வேண்டுமானால் இதைத் தலைகீழாக்கலாம்.

உயரம் இதைவிட முக்கியமானது என்பது என் கருத்து. ஓட்டுநரின் கண்மட்டத்தில் வைத்த கேமரா அன்றாடப் பயணத்தைக் காட்டும். தரையிலிருந்து 25 சென்டிமீட்டரில் வைத்தால் அதே சாலை சீறிக்கொண்டு வரும். மேலேயிருந்து ட்ரோனில் எடுத்தால் வேகம் பெரும்பாலும் குறைந்தே தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ட்ரோன் ஷாட் எந்தக் கார் எங்கே இருக்கிறது என்று பார்ப்பவருக்குக் காட்டவே உதவும், அதற்கு ஒன்றிரண்டு போதும். ட்ரோன் பறக்கவிடும் விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் அந்த அனுமதியைத் தனியாகப் பெற வேண்டும்.

ஷட்டரில்தான் புதியவர்களின் படங்கள் பெரும்பாலும் கெடுகின்றன. மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 16.7 மீட்டர் கடக்கிறது. நொடிக்கு 24 ஃபிரேம் என்ற வழக்கமான அளவில், 180 டிகிரி ஷட்டர் (ஒரு ஃபிரேமின் நேரத்தில் பாதி மட்டும் திறந்திருப்பது) வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமும் 1/48 நொடி வெளிச்சம் வாங்கும்; அந்த நேரத்தில் கார் 35 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். நிலையாக நிற்கும் கேமராவில் அந்த நகர்வு இழுபட்ட மங்கலாகப் பதியும், கண் அதை வேகம் என்று எடுத்துக்கொள்ளும். வெயிலில் ஆக்‌ஷன் கேமராவையோ கைப்பேசியையோ தானியங்கி முறையில் விட்டால் அது ஷட்டரை 1/500 அல்லது அதற்கும் குறைவான நேரத்துக்குக் கொண்டுபோய்விடும். நகர்வு 3 சென்டிமீட்டர் சொச்சமாகச் சுருங்கி, ஒவ்வொரு ஃபிரேமும் துல்லியமாகி, ஓட்டம் துண்டுதுண்டாகத் துள்ளும். இதைத் தவிர்க்க ஷட்டரை 1/50க்கு அருகில் கைமுறையில் பூட்டிவிட்டு, மிகுதி வெளிச்சத்தை லென்ஸின் முன் பொருத்தும் கருமையான கண்ணாடியான என்டி ஃபில்டரால் குறைக்க வேண்டும். ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறனை 100இல் வைத்து, உச்சி வெயிலில் எஃப் 4 துளையில் எடுக்க ஐந்து ஸ்டாப் அளவுள்ள ஃபில்டர் தேவைப்படும் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும்). இன்னும் அதிக மங்கல் வேண்டும் என்போர் ஷட்டரை 1/30 வரை இறக்கிப் பார்க்கலாம். அதைவிட நீண்ட நேரம் திறந்துவைத்தால் காரே கரைந்துவிடும்.

நொடிக்கு 24 ஃபிரேமுக்குக் குறைவாகப் பதிவுசெய்து 24இல் ஓட்டினால் வண்டி விரைவாகத் தெரியும். ஃபிரீட்கின் படத்தின் ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் துரத்தலின் சில பகுதிகளை 18 ஃபிரேமில்தான் எடுத்தார். கணக்கு எளிது: 40 கிலோமீட்டரில் செல்லும் காரை 20 ஃபிரேமில் எடுத்தால் அது 48 கிலோமீட்டரில் செல்வதுபோலத் தோன்றும். ஃபிரேமுக்குள் நடந்து போகும் மனிதரோ அசையும் கொடியோ புகையோ இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும், பழைய மௌனப்பட நகைச்சுவைபோல ஆகிவிடும். எனவே 21 அல்லது 22 ஃபிரேமுக்குக் கீழே போகாமல், வண்டியும் சாலையும் மட்டுமே தெரியும் ஷாட்டுகளில் இதைப் பயன்படுத்துவது நல்லது. விலை குறைந்த பல கேமராக்களில் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கப்படுவதால், விரைவான பேனில் செங்குத்துக் கம்பங்கள் சாய்ந்து தெரியும், அதிர்வில் படம் கூழ்போல ஆடும். முன்னதாகவே ஒரு சோதனை ஷாட் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

ஐந்தாம் படி: வண்டியில் கேமராவைப் பொருத்துதல்

பெரிய படங்களில், ஓடும் வண்டியின் கூரையில் பொருத்தி உள்ளிருந்து இயக்கும் சமநிலைக் கிரேன் பயன்படுகிறது. இவ்வகைக் கருவியை உருவாக்கிய உக்ரைன் பொறியாளர் அனத்தோலி கோகுஷுக்கு 2006இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது. நம்மிடம் இருக்கப்போவது உறிஞ்சுகிண்ண மவுண்ட்தான். அதைச் சரியாகப் பொருத்துவதற்கு நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒட்டும் பரப்பை ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, உலரவிட்டு, கிண்ணத்தின் ரப்பர் விளிம்பில் மணல்துகள் இல்லை என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வளைவு அதிகமுள்ள இடத்திலும், தகடுகள் சேரும் இணைப்புக் கோட்டின் மேலும், பிளாஸ்டிக் பம்பரிலும் ஒட்டக் கூடாது. பம்ப் வைத்த கிண்ணங்களில் தண்டின்மேல் ஒரு சிவப்புக் கோடு இருக்கும்; காற்றை வெளியேற்ற அழுத்தும்போது அது உள்ளே மறையும், காற்று கசியத் தொடங்கினால் மீண்டும் எட்டிப்பார்க்கும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து அந்தக் கோட்டைப் பார்த்து, "சரி" என்று குரல் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கேமராவை ஒரே கிண்ணத்தில் தொங்கவிடாமல் மூன்று புள்ளிகளில் பிடித்து, அதற்கும் மேலாக ஒரு பாதுகாப்புப் பட்டையை வண்டியின் அசையாத உலோகப் பகுதியில் கட்ட வேண்டும். மவுண்ட் கழன்றாலும் பட்டை கேமராவைத் தெருவுக்கு அனுப்பாத அளவுக்குக் குட்டையாக இருக்கட்டும். கட்டி முடித்ததும் வண்டியை முதலில் நடை வேகத்தில் ஒருமுறை ஓட்டி நிறுத்தி, எல்லாத் திருகுகளையும் மீண்டும் இறுக்க வேண்டும். முதல் சில நூறு மீட்டரிலேயே ஏதாவது ஒன்று தளர்ந்திருக்கும்.

கேமரா ஓட்டுநரின் பார்வையை மறைக்கக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை என்று தோன்றும். ஆனால் பானெட்டின்மேல் கேமராவை வைப்பவர்கள் ஃபிரேமைப் பார்ப்பார்களே தவிர, ஓட்டுநர் இருக்கையில் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பதில்லை.

ஆறாம் படி: வண்டிக்குள் நடிகர்

நடிகர் வசனம் பேசிக்கொண்டே உண்மையில் வேகமாக ஓட்டக் கூடாது. காரைத் தாழ்வான டிரெய்லரில் ஏற்றி இழுத்துச் செல்வது ஒரு முறை. ஜான் ஃபிராங்கன்ஹைமர் 1998இல் எடுத்த துரத்தல்களில் வலப்பக்க ஸ்டியரிங் உள்ள கார்களை வாங்கி, இடப்பக்கத்தில் பொய் ஸ்டியரிங் ஒன்றைப் பொருத்தி, நடிகரை அங்கே உட்காரவைத்தார். உண்மையான ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் இருந்தார். சிறிய குழுவுக்கு இதைவிட எளிய வழி உண்டு. காரை நிறுத்திவைத்து, கண்ணாடிக்கு வெளியே வானமும் இருளும் மட்டும் தெரியும்படி கோணத்தைத் தாழ்த்தி, இரண்டு பேர் விளக்குகளையும் இலைக்கொத்துகளையும் முன்னிருந்து பின்னாக வீசிக் கடத்த, மற்றொருவர் பம்பரில் கைவைத்து வண்டியை லேசாக உலுக்கலாம். இரவுக் காட்சிக்கு இது அப்படியே பொருந்தும். பகலில் முன்கண்ணாடியில் விழும் வானத்தின் பிரதிபலிப்பைப் போலரைசர் ஃபில்டரைத் திருப்பிக் குறைத்துக்கொள்ளலாம்.

நடிகருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக ஆட்ட வேண்டாம். வேகமாக ஓட்டுபவரின் கைகள் மிகக் குறைவாகவே அசையும், கண்கள்தான் வேலை செய்யும். பார்வை தொலைவில் இருந்து கண்ணாடிக்குத் தாவி மீண்டும் தொலைவுக்குப் போக வேண்டும்.

ஏழாம் படி: எடுக்கும் நாள்

ஒவ்வொரு ஷாட்டையும் முதலில் நடந்தும், பிறகு ஊர்ந்தும், பிறகு பாதி வேகத்திலும் ஒத்திகை பார்க்க வேண்டும். பாதி வேக ஒத்திகையையும் பதிவுசெய்து வையுங்கள். எடிட்டிங்கில் அதுவே போதும் என்று தெரிய வரும்போது, முழு வேக ஓட்டத்தைக் கைவிட்டுவிடலாம். கடினமான ஷாட்டுகளை எல்லோரும் புத்துணர்வோடு இருக்கும் காலைப் பொழுதிலேயே முடித்துவிட வேண்டும்; மாலையில் வெளிச்சம் போகிறதே என்ற அவசரத்தில் "இன்னும் ஒரே ஒரு டேக்" என்று கேட்பது ஆபத்தானது. டயர்களும் பிரேக்கும் சூடேறியிருக்கும், ஓட்டுநர் களைத்திருப்பார். இரவில் விளக்கொளி பளபளக்கச் சாலையை நனைக்க விரும்பினால், நனைத்த பிறகு பிடி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஓட்டுநர் தனியாக ஓட்டிப் பார்த்த பின்பே வேகத்தை முடிவு செய்ய வேண்டும்.

எட்டாம் படி: படத்தொகுப்பும் ஒலியும்

பீட்டர் யேட்ஸ் 1968இல் 'புல்லிட்' படத்துக்காகச் சான்ஃபிரான்சிஸ்கோவின் மேடுபள்ளத் தெருக்களில் எடுத்த, ஏறத்தாழ 11 நிமிடம் நீளும் துரத்தலைப் புதியவர்கள் ஒலியை அணைத்து ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரே பச்சை நிற வோக்ஸ்வாகன் கார் மீண்டும் மீண்டும் முந்தப்படும். துரத்தும் கார் நான்குக்கும் மேற்பட்ட சக்கர மூடிகளை இழக்கும். ஒரே ஓட்டத்தைப் பல கோணங்களில் எடுத்துத் தனித்தனி நிகழ்வுகளாக அடுக்கியதன் விளைவு இது. தொகுப்பாளர் ஃபிராங்க் பி. கெல்லருக்கு அதே படத்துக்காக ஆஸ்கர் கிடைத்தது. தொடர்ச்சிப் பிழைகளைக் கண்டு அஞ்ச வேண்டாம், இடக்குழப்பத்தைக் கண்டுதான் அஞ்ச வேண்டும் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். யார் முன்னால், யார் பின்னால், எவ்வளவு இடைவெளி என்பது தெரியும்வரை பார்ப்பவர் சக்கர மூடிகளை எண்ண மாட்டார்.

வெட்டும்போது கார் ஃபிரேமை விட்டு முழுவதும் வெளியேறும்வரை காத்திருக்க வேண்டாம். வெளியேறும் நொடியிலேயே வெட்டி, அடுத்த ஷாட்டில் அது ஏற்கெனவே ஓட்டத்தில் இருக்கும் இடத்தில் தொடங்கலாம். எல்லா ஷாட்டையும் ஒரே நீளத்தில் நறுக்கினால் கண் பழகிப்போய் வேகம் மறையும் என்பதால், குட்டை ஷாட்டுகளுக்கு நடுவே ஆறேழு நொடி நீளும் ஒரு ஷாட்டை விட்டுவைக்க வேண்டும்.

யேட்ஸின் துரத்தல் சூடுபிடித்ததும் லாலோ ஷிஃப்ரினின் இசை நின்றுவிடும், அதன்பின் எஞ்சினும் டயருமே பேசும். எனவே இசையைத் தேடுவதற்கு முன்பு ஒலிகளைச் சேகரிக்க வேண்டும். படப்பிடிப்பு முடிந்த பிறகு அதே காரை நிறுத்திவைத்து எஞ்சினை மெதுவாகவும் முறுக்கியும், கியர் மாற்றம், பிரேக், கதவு, சரளையில் டயர் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிவுசெய்யுங்கள். மைக் ஒன்றை எஞ்சின் அறையில் வெப்பம் படாத மூலையிலும், இன்னொன்றைப் புகைக்குழாய்க்கு அருகில், நேர்ப்பின்னால் இல்லாமல் சற்று ஒதுங்கியும் கட்டலாம்; இரண்டுக்கும் காற்றுத்தடுப்பு உறை கட்டாயம் தேவை. தொகுப்பில் கார் கேமராவைக் கடக்கும் ஒவ்வொரு ஷாட்டிலும் ஓசையின் சுருதி, நெருங்கும்போது உயர்ந்தும் கடந்தபின் தாழ்ந்தும் ஒலிக்கும்படி இறக்குங்கள். பக்கத்தில் கம்பமோ சுவரோ கடந்துபோகும் ஃபிரேமில் "விஷ்" என்ற குறுகிய காற்றோசை ஒன்றைச் சேர்த்துப் பார்த்தால், 40 கிலோமீட்டரில் எடுத்த ஷாட்டை அதே வேகத்தில் விட்டுவிடலாமா, மறுநாள் மீண்டும் எடுக்க வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.